பஞ்ச வருடத்தில் படல் கட்டக் கூடாது என்ற சொல் என்னையும் கட்டுமா?

கேள்வி: வெள்வேல்நிழல்

அனைவருக்கும் வணக்கம். காங்கயத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலைக்கு மேற்கே உள்ள ஒரு வலசில், அதாவது சிற்றூரில், எனக்கு 11 ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. கொறங்காட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மழை குறைந்த சரளைச் செம்மண்ணைச் சுற்றி முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரங்களையும் வளரவிட்டு, மாடும் செம்மறியும் மேய்வதற்கென்றே வைத்திருக்கும் நிலம் அது. காங்கயம் மாட்டின் எலும்பு உறுதி இந்தப் புல்லிலிருந்துதான் வந்தது என்று என் அய்யன், என்னைப் பெற்றவர், சொல்வார்.

அந்த நிலத்தோடு ஒரு சொல்லும் எனக்கு வந்திருக்கிறது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் எங்கள் முன்னோர் ஒருவருடைய மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தபோது, வலசில் இருந்த மற்றவர்கள் தங்களிடம் மிஞ்சியிருந்த சோளத்தட்டைப் பகிர்ந்து கொடுத்து இரண்டு பசுக்களைப் பிழைக்க வைத்தார்கள் என்பது எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மழை பொய்க்கும் வருடங்களில் எங்கள் காட்டு வாயிலில் கதவாக இருக்கும் படலைக் கட்டி வைப்பதில்லை என்றும், வலசின் மாடு எதுவானாலும் காசில்லாமல் மேயலாம் என்றும் அவர் குலதெய்வத்தின் முன் சொன்னாராம். எழுத்தாக எதுவும் இல்லை. ஆனால் அன்று முதல் எங்கள் வீட்டில் எவரும் அதை மீறியதில்லை.

நான் கண்ணால் பார்த்தது 2017ஆம் ஆண்டை. அதற்கு முந்திய வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்து, சனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டிருந்தன. அய்யன் எங்கள் ஆடுகளில் பாதியை வந்த விலைக்கு விற்றுவிட்டுப் படலை அவிழ்த்து விட்டார். சொந்த ஆட்டை விற்று ஊரார் மாட்டை மேய விடுவதா என்று அம்மா அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் அய்யன் காலமாவதற்குச் சற்று முன்பு, இந்த நிலத்தை அண்ணனுக்குக் கொடுக்காமல் என் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதினார். “காட்டையும் உனக்கே எழுதுகிறேன், அந்தச் சொல்லையும் உனக்கே எழுதுகிறேன், சாமி” என்றார்.

இப்போது சூரிய மின் நிலையம் அமைக்கும் ஒரு நிறுவனத்துக்காகத் தரகர் ஒருவர் மூன்று முறை வந்து போய்விட்டார். ஏக்கருக்கு ஆண்டுக்கு 35,000 ரூபாய் வீதம் 11 ஏக்கருக்கும் 3,85,000 ரூபாய், இரண்டு ஆண்டுப் பணம் முன்பணமாகக் கிடைக்கும், குத்தகை 28 ஆண்டுகள். மரங்களை வெட்டி, கிளுவையை எடுத்து, நிலத்தை மட்டம் செய்து கம்பி வேலி போடுவார்கள். திருப்பூரில் என் கணவர் நடத்தும் தையல் யூனிட்டுக்கு 18 லட்சம் ரூபாய் கடன் இருக்கிறது. மகள் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகிறாள். புல்லை ஆண்டுக் குத்தகைக்கு விட்டால் இப்போது எனக்குக் கிடைப்பது ஏக்கருக்கு 4,000 ரூபாய்.

எனக்கு ஆசை இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. இரவில் எழுந்து உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன். வலசில் இப்போது மாடு வைத்திருப்பவை 11 வீடுகள்தான், எல்லாம் சேர்ந்து 26 உருப்படிகள், இன்னும் பத்து வருடத்தில் அவையும் இருக்காது என்கிறார் தரகர். கணவரின் கடனை அடைப்பதும் மகளைப் படிக்க வைப்பதும் கடமை அல்லவா, அவற்றுக்காகத்தானே கேட்கிறோம் என்று என் மனமே எனக்கு வாதாடுகிறது. நான் பிறப்பதற்கு நூறு வருடத்துக்கு முன் ஒருவர் சொன்ன சொல் என்னைக் கட்டுமா? கட்டும் என்றால் எதுவரை?


மறுமொழி: பவானி ஆசிரியர்

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு நாள் மனத்தில் வைத்திருந்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் ஊருக்கு அருகிலேயே இதற்கு ஒரு பழைய சான்று ஓடிக்கொண்டிருக்கிறது. பவானி ஆறு காவிரியோடு கலப்பதற்குச் சற்று முன்பாக அணை கட்டி, அங்கிருந்து கொடுமுடிப் பக்கம் ஆவுடையார்பாறை வரை 56 மைல் தூரத்துக்கு வளைந்து வளைந்து செல்லும் வாய்க்காலைக் காலிங்கராயன் வெட்டியது 13ஆம் நூற்றாண்டில். தன் நிலங்களும் தன் உறவினரின் நிலங்களும் செழிக்கவே இதைச் செய்தான் என்று பேச்சு எழுந்தபோது, தானும் தன் வழியில் வருபவர்களும் இந்த நீரைத் தொடுவதில்லை என்று சூளுரைத்து, வாய்க்கால் பாயும் நாட்டையே விட்டுப் பொள்ளாச்சிக்கு அருகில் உள்ள ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தான் என்பது கொங்கு நாட்டில் எல்லோரும் சொல்லும் வரலாறு.

மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் நினைப்பது காலிங்கராயனை விட அவனுடைய பேரனைத்தான். சூளுரைத்தவனுக்கு அந்த நேரத்து மான உணர்வு துணை நின்றிருக்கும். பழியும் அவன் மேல் வந்ததுதான். பேரனுக்கு அந்தப் பழியும் தெரியாது, அந்தச் சூடும் இருந்திருக்காது. ஒரு வறண்ட கோடையில் தன் பாட்டன் வெட்டிய வாய்க்காலில் மஞ்சளும் நெல்லும் கரும்பும் விளைவதைக் கேள்விப்பட்டு அவன் என்ன நினைத்திருப்பான்? சொல்லைக் கொடுப்பவனை விட அதைப் பெற்றுக்கொள்பவனுக்கே பாரம் அதிகம். உங்களுக்கு ஆசை வருவதில் குற்றம் எதுவும் இல்லை என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

சொல் கட்டுமா என்று கேட்டீர்கள். அது செத்தவருக்குக் கொடுத்த சொல்லாக மட்டும் இருந்தால் நான் தயங்குவேன். உங்கள் சொல் அப்படிப்பட்டதன்று. அதை நம்பி மாடு வைத்திருப்பவர்கள் இன்றும் 11 வீட்டில் இருக்கிறார்கள். மழை பொய்த்தால் ஓர் இடம் உண்டு என்ற துணிவில்தானே அவர்களில் சிலராவது இன்னும் மாட்டை விற்காமல் இருக்கிறார்கள்? தரகர் அவர்களை 26 உருப்படிகள் என்று எண்ணிக்கையாகச் சொன்னதை நீங்களும் அப்படியே எழுதியிருப்பதை மட்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.


மறுமொழி: மூலனூர்க்காரன்

தங்கச்சி, நான் கொடுத்தவன். 9 ஏக்கர். ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு என்று நினைக்கிறேன்.

என் அப்பாரு, அப்பாவைப் பெற்றவர், காட்டை யாருக்கும் நேர்ந்து விடவில்லை. ஆனால் உழக் கூடாது, மரத்தை வேரோடு பறிக்கக் கூடாது என்பது அவர் சொன்னது. என் மகனை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பப் பணம் தேவைப்பட்டது. அந்தத் தேவை பொய் என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். அவன் படித்தான், நல்ல வேலையில் இருக்கிறான், குத்தகைப் பணமும் தவறாமல் வருகிறது. ஆகவே ஏமாந்துவிட்டேன் என்று கதை சொல்ல நான் வரவில்லை.

பொக்லைன் வந்த நாளன்று நான் அங்கே இருந்தேன். வெள்வேல மரங்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. கோடையில் உதிரும் அவற்றின் காயைத் தின்ன ஆடுகள் எந்த மரத்தடியில் முதலில் போய் நிற்கும் என்பது எனக்கு மனப்பாடம். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியவர்கள் மதியச் சோற்றுக்கு முன் எல்லாவற்றையும் சாய்த்துவிட்டார்கள். என் அப்பாருவும் அவருடைய அய்யனும் கிளைகளை வெட்டிப் போத்து போத்தாக நட்டு, இடைவெளி விழுந்த இடத்தில் மீண்டும் மீண்டும் நட்டு அடைத்த கிளுவை வேலி மறுநாள் போயிற்று. அந்த வேலிக்குள் கவுதாரி முட்டையிடும். அது பறந்து பறந்து வந்து வேலி இருந்த கோட்டின் மேலேயே உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். என் மனைவி காய்ச்சலா என்று கேட்டாள்.

குத்தகை முடிந்தால் நிலம் திரும்பி வந்துவிடும் என்று தரகர் உங்களிடமும் சொல்லியிருப்பார். நிலம் வரும், காடு வராது. கொழுக்கட்டைப் புல்லின் விதையும் தூரும் மேல்மண்ணில் இருக்கின்றன. அந்த மண்ணை வழித்து ஓரமாகக் குவித்துச் சரளை பரப்பிவிட்டார்கள். பலகைக்கு அடியில் செம்மறியையாவது மேய விடலாமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டேன். ஒயருக்கு ஆபத்து, உள்ளே எதையும் விட முடியாது என்றார்கள். இதைக் கேட்டும் கையெழுத்துப் போட்டேன்.

மின்சாரம் நாட்டுக்கு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் எத்தனை ஓடுகின்றன, அவற்றின் அடியிலேயே மாடு மேய்வதை எல்லோரும் பார்க்கிறோம். எனக்கு மின்சாரத்தோடு வழக்கு இல்லை. நான் விட்டுக்கொடுத்தது என்னவென்று எனக்கு அன்று தெரியாமல் போனதுதான் என் வருத்தம். கேட்பவருக்கு ஒரு விலை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்தக் காட்டைப் பார்க்கும் போதெல்லாம் விலைதான் தெரியும், தங்கச்சி. மூன்று முறை வந்தவரை நான்காவது முறை உட்கார வைத்துக் காபி கொடுக்காதீர்கள். நான் அங்கேதான் சறுக்கினேன்.


மறுமொழி: சிங்காநல்லூர் வாசகி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் அக்கா. உங்கள் அய்யன் 2017இல் செய்ததைப் படித்து நான் நெகிழ்ந்தேன். ஆனாலும் முன்னோர் சொன்னது என்பதற்காகவே ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்ற வாதத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. கொங்கு நாட்டில் தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்கு மட்டும் தனிக் குவளை வைத்ததும் முன்னோர் வழிதான். அதைக் கைவிட மறுத்தவர்களும் “எங்கள் அப்பாரு காலத்து வழக்கம்” என்றுதான் சொன்னார்கள். வழிவழியாக வந்த எல்லாவற்றுக்கும் விசுவாசமாக இருப்பது நல்லது என்றால், அவர்களும் நல்லவர்களே என்றாகிவிடும்.

ஆகவே கேட்கிறேன், வருந்தாதீர்கள். “வலசின் மாடு எதுவானாலும்” என்று எழுதியிருக்கிறீர்கள். வலசுக்கு வெளியே இருக்கும் காலனியின் மாடும் அதில் சேருமா? அருந்ததியர் வீட்டு ஆடு உங்கள் காட்டில் மேய்ந்ததுண்டா? இல்லையென்றால் அந்தச் சொல்லே பாதிச் சொல்தான். பாதிச் சொல்லுக்காக உங்கள் மகளின் படிப்பை ஏன் பணயம் வைக்க வேண்டும்? காலிங்கராயன் கதையைச் சொன்ன ஐயாவிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. தன் வழியினர் எல்லோரையும் கட்டும்படி சூளுரைக்க ஒருவனுக்கு உரிமை உண்டா?


பதில்: வெள்வேல்நிழல்

தங்கையே, நான் எழுதாமல் விட்ட இடத்தைச் சரியாகத் தொட்டுவிட்டீர்கள். அப்பாரு காலத்தில் காலனி ஆடுகளுக்கு அனுமதி இருக்கவில்லை. படல் திறந்திருந்த ஒரு கோடையில் அவற்றை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டியைத் திருப்பி அனுப்பியதை அய்யன் சிறுவனாக நின்று பார்த்திருக்கிறார். 2017இல் படலை அவிழ்த்த அன்று மாலை அவரே காலனிக்கு நடந்து போய், நாளையிலிருந்து உங்கள் உருப்படிகளையும் ஓட்டி வாருங்கள் என்று சொன்னார். பங்காளிகளில் இருவர் அதன் பிறகு எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அம்மா அழுதது ஆட்டுக்காக மட்டுமன்று, இதற்காகவும்தான். நான் சொன்ன 11 வீடுகளில் 4 வீடுகள் காலனியில் இருக்கின்றன. இதை முதலிலேயே எழுத எனக்குத் துணிவு வரவில்லை. அந்தப் பங்காளிகளில் எவராவது படிப்பார்களோ என்று பயந்தேன்.

நீங்கள் கேட்ட பிறகுதான் ஒன்று எனக்குப் புரிந்தது. தாது வருடத்தில் சோளத்தட்டுக் கொடுத்தவர்களுக்கான கடன் என்று சொன்னால் காலனிக்கு அதில் இடம் இல்லை என்று அய்யன் வாதாடியிருக்கலாம். அவர் அந்தச் சொல்லை வார்த்தைக்கு வார்த்தை காப்பாற்றவில்லை. பசித்த மாட்டின் முன் படலைக் கட்டாதே என்பதாக அதை எடுத்துக்கொண்டார். நான் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டது அந்த விரிந்த சொல்லைத்தான் என்றால், அதைத் திரும்பக் கொடுப்பது முதலில் அந்த 4 வீடுகளின் முன் படலை மூடுவதாகும். 140 வருடத்தில் ஒரே ஒரு முறை அவர்களுக்குத் திறந்த படல்.


மறுமொழி: ஈரோட்டு வழக்கறிஞர்

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது பொதுவான கருத்துதான், உங்கள் ஆவணங்களை ஒருவரிடம் நேரில் காட்டிக் கேளுங்கள். உங்கள் தந்தை செட்டில்மெண்டில் “விற்கவே கூடாது” என்று எழுதியிருந்தாலும், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 10இன்படி உரிமையை முற்றிலும் தடுக்கும் அத்தகைய நிபந்தனை செல்லாது. ஊராருக்கு மேய்ச்சல் உரிமை ஏற்பட்டிருக்கிறதா என்றால், அதே ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் பிரிவு 15 கேட்பது 20 ஆண்டுகள் வெளிப்படையாக, அமைதியாக, இடைவிடாமல், உரிமையாகவே அனுபவித்திருக்க வேண்டும் என்பதை. பஞ்ச வருடத்தில் மட்டும், அதுவும் உங்கள் வீட்டாரின் மனமுவந்த அனுமதியால் மேய்ந்தது அந்த அளவுக்கு வருவது கடினம். சட்டம் உங்களைக் கட்டவில்லை. உங்கள் அய்யனுக்கும் இது தெரிந்திருக்கக் கூடும், அதனால்தான் பத்திரத்தை நம்பாமல் உங்களை நம்பியிருக்கிறார்.

நீங்களே விரும்பினால், அந்த 11 வீட்டாருக்கும் வறட்சிக் கால மேய்ச்சல் உரிமையைப் பதிவு செய்த ஆவணத்தின் மூலம் வழங்கலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம் என்பேன். அப்படி எழுதிவிட்டால் நாளை உங்கள் மகள் நினைத்தாலும் அதிலிருந்து விலக முடியாது. சிங்காநல்லூர்ச் சகோதரி கேட்ட கேள்வி அங்கே உங்களையே திருப்பிக் கேட்கும்.

எங்கள் பக்கத்து வெள்ளோடு ஏரியை நினைத்துக்கொள்கிறேன். 1996இல் அந்த ஏரி பறவைகள் சரணாலயமாயிற்று. பறவைகள் வந்து கூடும் காலத்தில் தீபாவளி வருவதால், சுற்றியுள்ள ஊர்களில் பட்டாசு வெடிப்பதில்லை. எட்டு வயதுக் குழந்தைக்குப் பட்டாசை விடப் பெரிய ஆசை எது? என் நண்பர் ஒருவர் அங்கே உள்ளவர். தன் மகனிடம் வெடிக்காதே என்று அவர் சொன்னதில்லையாம். தீபாவளிக்கு முந்திய மாலையில் ஏரிக்கரைக்கு அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டிவிட்டு வந்துவிடுவாராம். உங்கள் மகளிடம் பேசினீர்களா?

இன்னொன்று. அந்தச் சொல் 11 ஏக்கருக்கும் உரியதா? தாது வருடத்தில் உங்கள் குடும்பத்திடம் இருந்தது எவ்வளவு, பிறகு வாங்கிச் சேர்த்தது எவ்வளவு என்று மூலப் பத்திரங்களைப் பார்த்தீர்களா?


பதில்: வெள்வேல்நிழல்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்திரங்களை எடுத்துப் பார்த்தேன். சாலையை ஒட்டிய 2 ஏக்கரை அய்யன் 1994இல் கிரயம் வாங்கியிருக்கிறார். அதில் புல் என்றுமே சரியாக வந்ததில்லை, படலும் அதற்கு இல்லை. மகளுக்கு என்று நான் மனத்தில் ஒதுக்கி வைத்திருந்த நிலம் அதுதான். அதை விற்பது என்று கணவரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். கடன் முழுவதும் அடையாது. யூனிட்டில் பாதி மெஷின்களைக் கொடுத்துவிட்டு, மீதியை வைத்து ஜாப் ஒர்க் மட்டும் செய்வதாக அவர் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

மகளை ஞாயிற்றுக்கிழமை காட்டுக்கு அழைத்துப் போனேன். காலனியிலிருந்து ஓர் அக்கா, 2017இல் எங்கள் காட்டில் மேய்ந்த பசுவின் பேத்தி என்று ஒரு கிடாரியைக் கொண்டு வந்து காட்டினார். மகள் அதன் நெற்றியைச் சொறிந்துகொண்டு நின்றாள். திரும்பி வரும் வழியில், அடுத்த பஞ்சம் என் காலத்தில் வந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். உன் காலத்தில் நீ பார்த்துக்கொள், நான் எதையும் எழுதி வைக்கப் போவதில்லை என்றேன். அது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. வழக்கறிஞர் ஐயா அந்த ஆவணத்தைப் பற்றிச் சொன்னதை அவளுக்கும் சொல்லியிருக்கிறேன்.

மூலனூர் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். தரகருக்கு நேற்றுத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், நேரில் வரச் சொல்லவில்லை. எங்கள் வடக்கு வேலியில் இரண்டு இடத்தில் கிளுவை பட்டுப்போய், ஆள் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருக்கிறது. மழைக்கு முன் நட வேண்டும். உங்கள் பக்கம் நல்ல கிளுவைப் போத்து யாரிடம் கிடைக்கும் என்று சொன்னால் வண்டி பிடித்து வருகிறேன்.


மறுமொழி: மூலனூர்க்காரன்

என் கிணற்று மேட்டில், அவர்கள் எடுக்காமல் விட்ட வேலி முப்பது அடி இருக்கிறது, தங்கச்சி. யாரிடமும் கேட்க வேண்டாம். கை தடிமனில், நான்கடி நீளத்துக்கு நானே வெட்டி இரண்டு நாள் நிழலில் போட்டு வைக்கிறேன். வியாழக்கிழமை வாருங்கள்.